தரையில் ஒரு பறவைக் குஞ்சு: எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும்

செடியடியில் ஒரு பறவைக் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. வால் குட்டை. தலையில் நாலைந்து தூவி சிலிர்த்து நிற்கிறது. பறக்கவும் முடியாமல், ஓடவும் தெரியாமல் உங்களையே பார்க்கிறது. சுற்றிலும் தாயைக் காணோம். பார்த்தவுடன் கை நீளும், யாருக்கும் அப்படித்தான். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அடக்கி வையுங்கள் என்பதுதான் நான் முதலில் கேட்டுக்கொள்வது.

பல வருடங்களுக்கு முன் நான் அடக்கவில்லை. தரையில் கிடந்த ஒரு சின்னான் குஞ்சை வீட்டுக்குத் தூக்கி வந்து, அட்டைப்பெட்டியில் வைத்து, பாலில் நனைத்த ரொட்டியைக் குச்சியால் ஊட்டினேன். இரண்டாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. எடுத்த இடத்தில் இரண்டு பெரிய சின்னான்கள் அதற்குள் ஒரு பகல் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தன. அது கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சே இல்லை, பறக்கப் பழகுவதற்காகத் தானே இறங்கி வந்த குஞ்சு என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. இங்கே எழுதுவதெல்லாம் அதற்கப்புறம் கற்றுக்கொண்டது.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

பொறுமை எல்லா இடத்திலும் சரிவராது. முதலில் தள்ளி நின்றே குஞ்சை நன்றாகப் பாருங்கள். இரத்தம் தெரிகிறதா? ஒரு இறக்கை மட்டும் தொங்குகிறதா? காலை இழுக்கிறதா? வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? எறும்பு மொய்க்கிறதா? நீங்கள் மிக அருகில் போன பிறகும் கண்ணைத் திறக்காமல் துவண்டு கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் குஞ்சுக்கு உதவி வேண்டும், அதுவும் சீக்கிரம்.

இறகுகளுக்கு நடுவில், குறிப்பாகக் கண், வாய், ஆசனவாய் ஓரங்களில், அரிசிக் குருணை போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அவை ஈ முட்டைகள். ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுவாகிவிடும். அந்தப் புழுக்கள் உயிரோடிருக்கும் குஞ்சையே தின்னத் தொடங்கும். அன்றைக்கே மருத்துவரிடம் போயாக வேண்டும்.

பூனை கவ்விய குஞ்சைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பூனையிடமிருந்து பிடுங்கிய குஞ்சு பெரும்பாலும் முழுசாகத் தெரியும். இரத்தம் இருக்காது, தத்தித் தத்திப் போகக்கூடச் செய்யும். 'நல்லவேளை, தப்பித்தது' என்று செடியில் விட்டுவிட்டு வந்துவிடுவோம். ஆனால் பூனைப் பல் ஊசி மாதிரி இறங்கும், துளை இறகுக்குள் மறைந்துவிடும். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா உண்டு. அது இரத்தத்தில் கலந்தால் சின்னப் பறவை ஓரிரு நாளில் இறந்துவிடும். ஆகவே பூனை வாய்க்குப் போய்வந்த குஞ்சு எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும், சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கக்கூடிய ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள்.

குஞ்சுக்கு என்ன வயது?

காயம் எதுவும் இல்லை என்றால், அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது.

கூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய குஞ்சை அடையாளம் காண்பது எளிது. தோல் தெரியும், அல்லது உடலெங்கும் முள் முள்ளாகக் குருத்து இறகுகள் உறைக்குள் சுருண்டிருக்கும். கண் மூடியிருக்கும் அல்லது பாதி திறந்திருக்கும். நிற்க வராது, வயிற்றில்தான் படுத்திருக்கும். இதைக் கூட்டுக்குஞ்சு என்று வைத்துக்கொள்வோம்.

பறக்கப் பழகும் குஞ்சு வேறு மாதிரி இருக்கும். உடல் முழுக்க இறகு வந்துவிட்டது, வால் மட்டும் விரல்நுனி அளவுதான். கண் நன்றாக விழித்திருக்கும். தத்தும், இறக்கையை அடிக்கும், கிட்டே போனால் புதருக்குள் நுழையப் பார்க்கும். சந்தேகம் இருந்தால் ஒரு குச்சியைக் காலருகில் நீட்டிப் பாருங்கள். இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் அது கூட்டைவிட்டு வரும் வயதை எட்டிவிட்டது. வாயோரத்து மஞ்சள் விளிம்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது இந்த இரண்டு வகைக் குஞ்சுக்கும் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு வகை. ஆள்காட்டி, கவுதாரி, மயில், வாத்து போன்றவற்றின் குஞ்சுகள் கோழிக்குஞ்சு மாதிரி, தூவி போர்த்தியபடி பொரித்து, சீக்கிரமே நடக்கத் தொடங்கிவிடும். இவை தரையில் இருப்பதுதான் இயல்பு. தாயைப் பிரிந்து தனியாகக் கத்திக்கொண்டே ஓடினால் மட்டும் கவனியுங்கள். ஆபத்தில்லாத தூரத்தில் நின்று, தாய் திரும்பிக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். தனியாகக் கிடைத்த வாத்துக் குஞ்சைப் பாவம் என்று குளத்தில் விடுவது பெரிய தவறு. தாயின் சூடு இல்லாமல் நனைந்தால் விறைத்துப் போகும்.

பறக்கப் பழகும் குஞ்சு என்றால்

நாம் தரையில் பார்க்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றில் அநேகமாக எதற்கும் நம் உதவி தேவையில்லை.

பறக்கத் தெரியாமல் ஏன் இறங்குகிறது என்று நமக்குத் தோன்றும். கூடு பாதுகாப்பான இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால் வரும் குழப்பம் அது. நாலு குஞ்சு ஓயாமல் கத்தும், தாயும் தகப்பனும் ஒரு நாளில் நூறு தடவைகூட வந்துபோகும் ஒரு கூட்டைப் பாம்போ பூனையோ கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? கண்டுபிடித்தால் மொத்தக் குடும்பமும் ஒரே வாயில் போய்விடும். அதனால்தான் பல சிறு பறவைகளின் குஞ்சுகள், பொரித்த 10 முதல் 15 நாட்களுக்குள், இறகு முழுதாக வளருமுன்னே கூட்டைவிட்டு வெளியேறி ஆளுக்கொரு செடியில் பிரிந்துகொள்கின்றன. சிட்டுக்குருவிக் குஞ்சு சுமார் இரண்டு வாரத்தில் இறங்கும். மைனா மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். காக்கைக் குஞ்சுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். இறங்கிய பிறகு சில நாட்கள் தரையிலும் தாழ்ந்த கிளைகளிலும் கழியும். பெற்றோர் ஒவ்வொரு குஞ்சாகத் தேடிப் போய் ஊட்டும். பறக்கத் தொடங்கிய பின்பும் ஒன்று முதல் மூன்று வாரம் வரை இந்த ஊட்டல் தொடர்வது சகஜம்.

அப்படியானால் தாயைக் காணோமே? உங்களால்தான். நீங்கள் நிற்கும் வரை அது குஞ்சிடம் வராது. வந்தால் இருப்பிடம் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மரத்தில் எங்கோ இருந்து 'சிக், சிக்' என்றோ 'கர்ர்' என்றோ விடாமல் ஒரு சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அது எச்சரிக்கைக் குரல். அதைக் கேட்டதும் குஞ்சு அசையாமல் உறைந்துவிடும். நாம் 'ஐயோ, சோர்ந்துபோய்க் கிடக்கிறது' என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பெற்றோர் சொல்வதைக் கேட்டு நடக்கிறது. நல்ல குஞ்சைத் தப்பாகத் தூக்கிவிடுவதற்கு இந்த அசையாமைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

ஆகவே பின்வாங்குங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு மரத்தின் பின்னாலோ, வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்திலோ நின்று ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள். பார்ப்பது என்றால் உண்மையிலேயே பார்ப்பது. ஒரு தாய்ப்பறவை வந்து வாயில் இரையைத் திணித்துவிட்டுப் போக இரண்டு வினாடி போதும், போனில் ஒரு செய்தியைப் படித்து முடிப்பதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். தொடர்ந்து நிற்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குஞ்சு உட்கார்ந்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். புதிதாக ஈர எச்சம் விழுந்திருந்தால், உள்ளே ஏதோ போய்க்கொண்டிருக்கிறது, யாரோ ஊட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

தவிட்டுக்குருவிக் குஞ்சாக இருந்தால் இந்தச் சந்தேகமே வராது. அவை கூட்டமாகச் சேர்ந்து குஞ்சு வளர்ப்பவை. கிட்டே போனாலே மொத்தக் கூட்டமும் சுற்றி நின்று சத்தம் போடும். காகமும் அப்படித்தான், தலைக்கு மேல் பாய்ந்து விரட்டும். அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் ஒரு வாரம் குடை பிடித்துக்கொண்டு போங்கள். இன்னொன்று: காகம் ஊட்டும் குஞ்சு காக்கைக் குஞ்சு மாதிரியே இல்லையென்றால் அது குயில் குஞ்சாக இருக்கலாம். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும், காகம் அந்தக் குஞ்சைத் தன் பிள்ளையாகவே வளர்க்கும். தாய் மாறிவிட்டது என்று பிரித்துவிடாதீர்கள்.

குஞ்சு சாலை நடுவிலோ, நாய் திரியும் முற்றத்திலோ, கொதிக்கும் சிமெண்ட் தரையிலோ இருந்தால் நகர்த்தலாம், நகர்த்தத்தான் வேண்டும். இரண்டு கையாலும் மெல்ல அள்ளி, பக்கத்தில் உள்ள அடர்ந்த செடியிலோ தாழ்ந்த கிளையிலோ நிழலாக வையுங்கள். சில மீட்டர் தூரத்துக்கு மேல் போகாதீர்கள். குஞ்சின் குரலை வைத்துத்தான் பெற்றோர் அதைத் தேடும், குரல் கேட்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்தி சாயும் நேரமென்றால் இன்னும் அடர்த்தியான புதராகப் பாருங்கள். பகல் பறவைகள் இரவில் ஊட்டுவதில்லை. குஞ்சு விடியும் வரை சும்மா உட்கார்ந்திருக்கும், அதில் கெடுதல் ஒன்றுமில்லை.

இந்த வயதுக் குஞ்சைத் திரும்பக் கூட்டில் வைக்க முயலாதீர்கள். அது மறுபடி குதிக்கும். நீங்கள் கையை நுழைத்த பதற்றத்தில், இன்னும் இறங்கும் வயது வராத உடன்பிறப்புகளும் சேர்ந்து குதித்துவிடலாம். பறக்கக் கற்றுத்தருகிறேன் என்று மேலே தூக்கி எறிவதும் கூடாது. அது தானாகப் பறக்கும் நாளில்தான் பறக்கும். எறிந்தால் விழுந்து கால் ஒடியும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வீட்டில் பூனை இருந்தால் நாலைந்து நாள் உள்ளேயே வைத்திருப்பது. நாயை வெளியே விடும்போது கட்டிக் கூட்டிப்போவது. பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது.

கூட்டுக்குஞ்சு என்றால்

இதற்குக் கட்டாயம் உதவி வேண்டும். இறகில்லாத குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. வளர்ந்த பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்கு மேல். மனிதரைவிட அதிகம். அந்தச் சூட்டுக்குத் தாயின் வயிற்றடியை நம்பியிருக்கும் உயிர், தரையில் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும்.

குஞ்சைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் முதல் வேலை சூடேற்றுவது. உள்ளங்கைகள் இரண்டையும் கிண்ணம் போலக் குவித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அசைய ஆரம்பிக்கும். சூடேறிய குஞ்சைத்தான் கூட்டில் வைக்க வேண்டும். குளிர்ந்து அசையாமல் வாய் திறக்காமல் இருக்கும் குஞ்சைப் பெற்றோர் ஊட்டாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

அடுத்து கூட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் இருக்கும். எட்டினால், உள்ளே மற்றக் குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மெதுவாக வைத்துவிடுங்கள். ஏணி தேவைப்பட்டால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வைத்ததும் உடனே விலகிவிடுங்கள்.

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் சொல்வார், 'மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது' என்று. இது தவறு. 1899-ல் டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற ஆசிரியர் ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையங்களை மாட்டத் தொடங்கினார். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கூட்டுக்குஞ்சுகளை எடுத்து, எடைபோட்டு, வளையம் மாட்டி, திரும்பக் கூட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் வழக்கம்போல ஊட்டிக்கொண்டிருக்கின்றன. கை வாசனைக்காக இத்தனை நாள் பாடுபட்ட பிள்ளையைக் கைவிடும் அளவுக்குப் பறவைகள் இல்லை. கூட்டருகில் நெடுநேரம் நிற்பதுதான் உண்மையான தொந்தரவு. நீங்கள் நிற்பதைக் காகமும் கவனித்துக்கொண்டிருக்கும்.

கூடு உடைந்தோ காற்றில் விழுந்தோ போயிருந்தால் மாற்றுக் கூடு கட்டலாம். ஒரு சின்னக் கூடையோ, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோ போதும். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அதற்குத்தான் ஓட்டை. பழைய கூட்டின் மிச்சம் கிடைத்தால் அதையே உள்ளே வையுங்கள். இல்லையென்றால் காய்ந்த புல் அல்லது டிஷ்யூ தாளைக் கிண்ணமாகக் குழித்து வையுங்கள். பச்சைப் புல் வேண்டாம், அதன் ஈரம் குஞ்சைக் குளிர வைக்கும். பஞ்சும் நூலும் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் விரியாமல் உடலுக்கடியில் மடங்கி இருக்கும் அளவுக்குக் குழி இறுக்கமாக இருக்கட்டும். அதே மரத்தில், முடிந்தவரை பழைய உயரத்தில், வெயில் நேராகப் படாத கிளையில் ஆடாமல் கட்டுங்கள். மைனா, கிளி, மரங்கொத்தி, சிட்டுக்குருவி போன்றவை பொந்தில் குஞ்சு வளர்ப்பவை. அவற்றுக்குத் திறந்த கூடை சரிப்படாது, நுழைவாயில் வைத்த மூடிய பெட்டி வேண்டும்.

கட்டி முடித்ததும் விலகி நின்று இரண்டு மணி நேரம் பாருங்கள். பெற்றோர் முதலில் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து யோசிக்கும். குஞ்சு குரல் கொடுத்தால் இறங்கி வரும். இரண்டு மணி நேரம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை, அல்லது பெற்றோர் இறந்ததை நீங்களே பார்த்தீர்கள் என்றால், அதற்கு மேல் குஞ்சைப் பெட்டிக்கு மாற்றி உதவி தேடுவதுதான் வழி. இருட்டிய பிறகு கிடைத்த கூட்டுக்குஞ்சைச் சூடான பெட்டியில் இரவு முழுக்க வைத்திருந்து, விடிந்ததும் கூட்டில் வைக்கலாம்.

இந்த விதிகளுக்குள் அடங்காதவை

புறாக் குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும்போது ஏறக்குறைய முழுப் புறா அளவு இருக்கும். மஞ்சள் தூவி ஒட்டிக்கொண்டு, இறக்கையின் அடிப்பக்கம் இறகு நிரம்பாமல் தரையில் இருக்கும் புறாக் குஞ்சு நேரத்துக்கு முன் விழுந்தது. அதற்கு உதவி தேவை. வாயைப் பிளந்தும் காட்டாது, தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்துத்தான் குடிக்கும். ஆகவே மற்றக் குஞ்சுகளுக்கு ஊட்டுவது போல இதற்கு ஊட்ட முடியாது.

உழவாரன் குருவியைத் தரையில் பார்த்தால், குஞ்சானாலும் பெரியதானாலும், எடுத்தே ஆக வேண்டும். அரிவாள் போல நீண்ட இறக்கை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு குட்டைக் கால். காற்றிலேயே வாழும் பறவை அது, இறகு முற்றாமல் தரைக்கு வந்துவிட்டால் அங்கிருந்து எழும்ப வழியில்லை. பெற்றோரும் தரைக்கு வந்து ஊட்டாது.

ஆந்தைக் குஞ்சுகள் பறக்கும் முன்பே கூட்டைவிட்டு வந்து கிளைகளில் உலவும். விழுந்தாலும் அலகாலும் நகத்தாலும் பற்றி மரமேறத் தெரிந்தவை. காயம் இல்லையென்றால் பக்கத்து மரக் கிளையில் ஏற்றிவிட்டாலே போதும். ஆனால் ஆந்தை, பருந்து வகைகளைத் தடித்த துணியோ கையுறையோ இல்லாமல் தொடாதீர்கள். அலகைவிட நகம்தான் ஆபத்து. கொக்கு, நாரைக் குஞ்சுகள் கண்ணைக் குறிவைத்துக் குத்தும். தூக்கினால் முகத்துக்கு எட்டாத தூரத்தில் பிடியுங்கள்.

கூட்டிலிருந்து நூலில் சிக்கித் தலைகீழாகத் தொங்கும் குஞ்சை இழுக்காதீர்கள். உடலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நூலைக் கத்தரியுங்கள். சதைக்குள் நூல் இறங்கிக் கால் வீங்கியிருந்தால் அதை எடுப்பது மருத்துவர் வேலை.

எடுக்கத்தான் வேண்டும் என்றால்

முதலில் பெட்டியைத் தயார் செய்யுங்கள், அப்புறம்தான் குஞ்சு. குஞ்சைவிட ஓரளவு பெரிய அட்டைப்பெட்டி, பக்கங்களில் சில காற்றோட்டத் துளை, அடியில் மெல்லிய பருத்தித் துணி அல்லது டிஷ்யூ. டர்க்கி டவல் வேண்டாம், அதன் சுருக்குகளில் நகம் மாட்டிக்கொள்ளும். கம்பிக் கூண்டும் வேண்டாம், முட்டி மோதி இறகு ஒடியும்.

ஒரு துணியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு அணைத்து எடுங்கள். மார்பை அழுத்தாதீர்கள். நம்மைப் போலப் பறவைக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். இறுக்கிப் பிடித்தாலே மூச்சு முட்டிச் செத்துப்போகும். குழந்தைகள் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள். கொடுக்காமலிருப்பது இன்னும் நல்லது.

பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் சூடு கொடுங்கள். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தால் போதும். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். நகர முடியாத கூட்டுக்குஞ்சென்றால் நீங்கள்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பாட்டில் ஆறியதும் மாற்றுங்கள், ஆறிய பாட்டில் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும்.

பெட்டியை மூடி, இருட்டான, சத்தமில்லாத அறையில் வைத்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடத்துக்கொரு தடவை திறந்து பார்ப்பது, தடவிக் கொடுப்பது, பேச்சுக் கொடுப்பது எல்லாம் நமக்கு அன்பு. அதற்கோ ஒரு பெரிய விலங்கு தன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற பயம். இருட்டில் பறவை அமைதியாகும், மிச்சமிருக்கும் தெம்பும் அதற்கே மிஞ்சும்.

தண்ணீரும் தீனியும்

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தாலும் பல குஞ்சுகள் பிழைக்கும். பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னால் வாய்க்குள்ளேயே திறந்திருக்கிறது. சொட்டு மருந்துக் குழாயால் விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். கூட்டுக்குஞ்சுகளுக்குத் தேவையான ஈரம் பெரும்பாலும் இரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணமும் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் குஞ்சு நனைந்து குளிர்ந்துவிடும்.

பால் பாலூட்டிகளுக்கான உணவு. அதிலுள்ள லாக்டோசைப் பறவைகளால் செரிக்க முடியாது, கழிச்சல் வந்து உடல் வறண்டுவிடும். ரொட்டி வயிற்றை அடைக்கும், சத்து கிடையாது. சோறும் அப்படித்தான். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும் என்றால், வளரும் உடலுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எவ்வளவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்த தீனியில் வளரும் குஞ்சின் எலும்பு வளைந்து போகும், அதை அப்புறம் நிமிர்த்த முடியாது.

இரண்டு மூன்று மணி நேரத்தில் உரியவர்களிடம் சேர்த்துவிடலாம் என்றால் எதுவுமே ஊட்டாதீர்கள். சூடும் இருட்டும் போதும். குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டினால் தீனி செரிக்காமல் அப்படியே தங்கிவிடும். உதவி கிடைக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்ற நிலையில், போனிலாவது ஒரு மருத்துவரிடமோ காட்டுயிர் மறுவாழ்வு மையத்திடமோ இது என்ன பறவை, என்ன கொடுக்கலாம் என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். படம் எடுத்து அனுப்பினால் அவர்கள் வகையைச் சொல்லிவிடுவார்கள். பூச்சி தின்னும் சிறு பறவைகளுக்கு, நீரில் ஊறவைத்துப் பிழிந்த பூனை உணவைப் பயறளவு உருட்டி, குஞ்சு தானே வாய் பிளக்கும்போது மட்டும் உள்ளே வைக்கச் சொல்வது வழக்கம். சின்னக் குஞ்சென்றால் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அரை மணிக்கொரு தடவையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும். வாய் திறக்காத குஞ்சின் அலகைப் பிளந்து திணிக்காதீர்கள்.

யாரிடம் ஒப்படைப்பது, ஏன் நாமே வளர்க்கக் கூடாது

காட்டுயிர் மறுவாழ்வு மையம், வனத்துறை, விலங்கு நல அமைப்பு, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்ற வரிசையில் தேடுங்கள். குஞ்சு கையில் இருக்கும்போது பதற்றத்தில் தேடுவதைவிட, இன்றைக்கே உங்கள் பகுதி எண்களைப் போனில் சேமித்து வைப்பது நல்லது. எடுத்துப் போகும்போது வண்டியில் பாட்டு வேண்டாம், பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

நானே வளர்த்துப் பறக்க விடுகிறேன் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஊட்டுவது பாதி வேலைதான். எதைத் தின்ன வேண்டும், எதைக் கண்டு ஒளிய வேண்டும், தன் இனத்தின் குரல் எது என்பதெல்லாம் குஞ்சு பெற்றோரிடமிருந்து கற்பது. கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆய்வாளர் வாத்துக் குஞ்சுகள் பொரித்ததும் முதலில் பார்க்கும் உருவத்தையே தாயாகப் பதித்துக்கொள்வதை விளக்கிக் காட்டினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973-ல் நோபல் பரிசும் பெற்றார். மனிதனைத் தாயாகப் பதித்துக்கொண்ட ஆந்தையும் காகமும் வளர்ந்த பிறகு மனிதரைத் தேடி வரும், பூனைக்கும் நாய்க்கும் பயப்படாது. வெளியே விட்டால் நிலைப்பது கடினம்.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிட்டனில் 1981-ம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவில் 1918-ல் வந்த புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் என்று, காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் பல நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. உதவி செய்யும் நோக்கத்தில் எடுத்தாலும் சீக்கிரம் ஒப்படைத்துவிடுவதுதான் சரி.

தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா போன்றவை பறவைகளிடமிருந்து நமக்குத் தொற்றக்கூடும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்தோ, தலை சுற்றித் தள்ளாடியோ கிடந்தால் எதையும் தொடாமல் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் பரவும்போது இப்படித்தான் முதலில் தெரியவரும்.

ஒப்படைக்கும்போது எடுத்த இடத்தைத் துல்லியமாக எழுதிக் கொடுங்கள்: எந்தத் தெரு, எந்த மரம், எத்தனை மணிக்கு, பூனை பக்கத்தில் இருந்ததா, என்ன ஊட்டினீர்கள். தப்பாக எதையாவது ஊட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சைக்கு அது உதவும். குஞ்சு தேறினால், பல இடங்களில் அதே மரத்தடிக்குக் கொண்டுவந்துதான் விடுவார்கள். அதன் பெற்றோர் இன்னும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.